சூசையப்பரின் கனவுகளும் இறைவாக்கின் நிறைவும்

(தன்னாமுனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எபிரேய இறைவாக்கினர் சொன்னவை மெசியாவில் நிறைவேறின என்று கிறிஸ்தவம் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இன்றைய சொற்பொழிவுக்குத் தரப்பட்ட பொருள் அதுதான். ஒரு மாலைப் பொழுதில் அடங்காத பொருள் என்பதால் மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களோடு நிறுத்திக்கொள்ள நினைக்கிறேன். தன்னாமுனை ஆலயம் புனித சூசையப்பரின் பெயரில் நிற்கிறது. அந்த இரண்டு அதிகாரங்களும் அவருடைய கதை. நற்செய்திகளில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார். பேசாத அந்த மனிதரைச் சுற்றித்தான் மத்தேயு ஐந்து பழைய வாக்குகளை வைத்திருக்கிறார்: எசாயாவின் இம்மானுவேல், மீக்காவின் பெத்லகேம், ஓசேயாவின் எகிப்து, எரேமியாவின் ராகேல், பிறகு நாசரேத்து. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்பு எழுதிவைத்த ஒரு குறிப்பும் பின்பு நடந்த ஒரு சம்பவமும் ஒத்துப்போவதை மத்தேயு நிறைவேறுதல் என்று சொல்லவில்லை. இஸ்ரயேலோடு கடவுள் நடந்துகொண்ட விதம் முழுவதும் ஒரே மனிதரின் வாழ்வில் திரும்ப நடந்து முழுமை பெறுவதையே அவர் அப்படிச் சொல்கிறார். இந்த நம்பிக்கையை அவ்வாறு விளங்கிக்கொண்டால் அது கேள்விகளைத் தாங்கும். பட்டியலாக விளங்கிக்கொண்டால் முதல் கேள்வியிலேயே ஆட்டம் காணும்.

பட்டியல் என்று நான் சொல்வது எல்லோருக்கும் பழக்கமானது. ஒரு பக்கம் பழைய ஏற்பாட்டு வசனம், எதிர்ப்பக்கம் புதிய ஏற்பாட்டு வசனம், நடுவில் ஒரு கோடு. துண்டுப் பிரசுரங்களிலும் மறைக்கல்விக் கொப்பிகளிலும் இதைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் அல்பிரட் எடர்ஷைம் என்ற அறிஞர், பழைய யூத ரபிமார் மெசியாவைக் குறிப்பதாக எடுத்துக்கொண்ட 456 பகுதிகளைத் தொகுத்தார். அது உழைப்பால் விளைந்த நல்ல தொகுப்பு. அதன் பிறகு கலிபோர்னியாவில் கணிதம் கற்பித்த பீற்றர் ஸ்ரோனர், எட்டு வாக்குகள் தற்செயலாக ஒரே ஆளில் நிறைவேறும் வாய்ப்பைக் கணக்கிட்டு, 1ஐத் தொடர்ந்து 17 சுழியங்கள் வரும் எண்ணில் ஒன்று என்றார். அந்த எண் இன்றும் பிரசங்க மேடைகளில் ஒலிக்கிறது. அவர் எடுத்த எட்டில் ஒன்று செக்கரியா 13ஆம் அதிகாரத்துக் காயங்கள். அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்தால், காயம் பட்டவர் தன் தொழிலை மறைக்கப் பார்க்கும் ஒரு பொய்த் தீர்க்கதரிசி என்பது தெரியும். அதைக் கொண்டுபோய் இயேசுவின் கைகளில் பொருத்துவது அவருக்கு மரியாதை ஆகாது. நான்கு வரி மேலே போய் வாசிக்கும் எந்த இளைஞருக்கும் இது பிடிபட்டுவிடும். ஒரு வசனத்தில் ஏமாந்ததாக உணர்பவர் மீதி வசனங்களையும் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

பட்டியலின் அடியில் இருக்கும் பிழை, இறைவாக்கினரைச் சாத்திரம் சொல்பவராக எண்ணுவது. நமது பிரதேசத்தில் கோவில் சடங்குகளில் தெய்வமேறியவர் வாக்குச் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கும் மக்கள் உண்டு. சாதகக் குறிப்பைக் கொண்டுபோய்ச் சாத்திரம் கேட்பவர்களும் உண்டு. அந்த வழக்கங்களை எடைபோட நான் வரவில்லை. எபிரேய இறைவாக்கினரின் பணி வேறு என்று மட்டும் சொல்கிறேன். ஆமோஸ் எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னதைவிட, ஏழையைச் செருப்புக்கு விலைபேசிய வியாபாரிகளைப் பற்றிச் சொன்னதே அதிகம். யோனாவின் கதை இன்னும் தெளிவானது. நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அவர் அறிவித்தார். அழியவில்லை. நகர மக்கள் மனம் மாறினார்கள், கடவுளும் தம் முடிவை மாற்றிக்கொண்டார். பட்டியல் போடுபவரின் கணக்கில் அது தவறிப்போன வாக்கு. விவிலியமோ அதைப் பலித்த பிரசங்கமாகவே காட்டுகிறது. எரேமியா 18ஆம் அதிகாரம் இதையே கோட்பாடாகச் சொல்கிறது: மக்கள் திரும்பினால் சொல்லப்பட்ட தீங்கும் திரும்பும். விதியை அறிவிப்பது இறைவாக்கின் வேலையல்ல. கடவுள் எப்படிப்பட்டவர், தம் உடன்படிக்கைக்கு எப்படி உண்மையாய் இருப்பவர் என்று காட்டுவதே அதன் வேலை. ஆகவே அதன் நிறைவையும் அந்த உண்மைத்தன்மையில்தான் தேடவேண்டும்.

இப்போது மத்தேயுவை நெருங்கிப் பார்ப்போம். அவர் தரும் தலைமுறை அட்டவணையில் யோசேப்பு என்னும் சூசையப்பரின் தகப்பன் பெயர் யாக்கோபு. யாக்கோபின் மகன் யோசேப்பு கனவு காண்கிறார், எகிப்துக்குப் போகிறார், தம் குடும்பத்தின் உயிரைக் காக்கிறார். தொடக்க நூலை வாசித்த எந்த யூதச் சிறுவனுக்கும் இந்தக் கதை தெரியும். இந்த இடத்தில் மத்தேயு எந்த வாக்கையும் எடுத்துக் காட்டவில்லை. கதையை அப்படி நடத்திக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். அடுத்து ஓர் அரசன் ஆண்குழந்தைகளைக் கொல்கிறான், ஒரு குழந்தை தப்புகிறது. இது மோசேயின் பிறப்புக் கதை. ஏரோது இறந்த பிறகு வானதூதர் சூசையப்பரிடம் வந்து, குழந்தையின் உயிரைத் தேடியவர்கள் இறந்துவிட்டார்கள் என்று பன்மையில் சொல்கிறார். இறந்ததாக மத்தேயு சொல்வதோ ஒருவனை. பன்மை எங்கிருந்து வந்தது? விடுதலைப் பயணம் 4ஆம் அதிகாரத்தில், மிதியானிலிருந்து எகிப்துக்குத் திரும்பிப் போகும்படி மோசேக்குச் சொல்லப்பட்ட செய்தி அதே பன்மையில் இருக்கிறது. இலக்கணத்தை ஒட்டி எழுதியிருந்தால் மத்தேயு ஒருமை போட்டிருப்பார். பழைய வாக்கியத்தின் ஓசை கேட்பவர் காதில் விழவேண்டும் என்றே பன்மையை அப்படியே விட்டிருக்கிறார். மட்டக்களப்புக் கூத்துக் களரியில் வரவுத் தாளக்கட்டைக் கேட்டதுமே, ஆள் வாய் திறக்குமுன், வருவது யார் என்று சபைக்குத் தெரிந்துவிடும். மத்தேயு தம் சபையை நம்பி அந்த மாதிரி எழுதுகிறார். மோசேயின் தாளத்தில் இயேசு களரிக்குள் வருகிறார்.

இதை நம் மொழியில் ஒருவர் நன்றாகக் கண்டுகொண்டார். வீரமாமுனிவர் 1726இல் பாடி முடித்த தேம்பாவணி, 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. அதன் காப்பியத் தலைவர் வளன் என்னும் சூசையப்பர். எகிப்துப் பயணத்தை ஒட்டி முனிவர் பழைய ஏற்பாட்டு வரலாறுகளைக் கிளைக்கதைகளாக நிறைத்து வைத்தார். காப்பியத்துக்கு நீளம் வேண்டும் என்பதற்காகச் செய்தது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சூசையப்பர் நடக்கும் பாதையே இஸ்ரயேல் நடந்த பாதை என்பதை விளங்கிக்கொண்டவரின் அமைப்பு அது. இப்படி வாசிப்பது மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று யாராவது சொன்னால், தமிழில் அதற்கு ஏறக்குறைய முந்நூறு வயது என்று பதில் சொல்லலாம்.

ஓசேயாவுக்கு வருவோம். எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன் என்ற பொருள்படும் வாக்கு 11ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. அது வருங்காலத்தைச் சொல்லவில்லை. இஸ்ரயேல் அடிமைத்தளையிலிருந்து வெளிவந்ததை நினைவுகூர்கிறது. மகன் என்பது அந்த மக்கள்தான். இதைச் சுட்டி, மத்தேயு சூழலிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டார் என்பவர்கள் பலர். அவர்கள் அதிகாரத்தை இறுதிவரை வாசிக்கவேண்டும். நடக்கப் பழகும் பிள்ளையின் கையைப் பிடித்த தகப்பனாகக் கடவுள் அதில் பேசுகிறார். பிள்ளை விலகிப் போகிறது. அசீரியா அதை ஆளப்போகிறது. தண்டிக்க எழுந்த கடவுளின் மனமோ இளகிவிடுகிறது. 11ஆவது வசனத்தில் பிள்ளைகள் எகிப்திலிருந்து பறவைகள்போல மறுபடி நடுங்கி வருகிறார்கள். அதாவது முதல் விடுதலைப் பயணத்தைச் சொல்லத் தொடங்கிய ஓசேயாவே இரண்டாவது ஒன்றை எதிர்பார்த்து முடிக்கிறார். மத்தேயு தொடக்க வரியை எழுதியபோது அதிகாரம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டார். இஸ்ரயேல் என்ற மகன் போய்த் தவறிய வழியில் இந்த மகன் போய்த் தவறாமல் திரும்புகிறார் என்பதே அவர் சொல்வது. 4ஆம் அதிகாரத்தில் இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் சோதிக்கப்பட்டபோது சொல்லும் மூன்று மறுமொழிகளும் இஸ்ரயேலின் நாற்பது ஆண்டுப் பாலைநில அனுபவத்தைப் பேசும் இணைச் சட்ட நூலிலிருந்து வருவது இதை உறுதிசெய்கிறது.

ஐந்திலும் கனமானது ராகேலின் அழுகை. எரேமியா 31ஆம் அதிகாரத்தில் ராமாவில் ஒரு குரல் கேட்கிறது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். யாரும் தேற்ற அவள் விடுவதில்லை. ராகேல் எரேமியாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவள், பெத்லகேமுக்குப் போகும் வழியில் பிள்ளைப்பேற்றில் இறந்தவள். வட நாடான எப்ராயிமை அசீரியர் சிறைகொண்டு போனபோது அவள் அழுததாக இறைவாக்கினர் காண்கிறார். எருசலேம் விழுந்தபோது பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட இருந்தவர்களைச் சங்கிலியிட்டு நிறுத்திய இடமும் அந்த ராமாதான். எரேமியாவே அங்கே சங்கிலியில் நின்றவர். ஆக மத்தேயு தொடுவதற்கு முன்பே அந்தக் கண்ணீர் இரண்டு, மூன்று தலைமுறைகளின் கண்ணீராகிவிட்டது. பெத்லகேமின் குழந்தைகளையும் அவர் அந்த அழுகைக்குள் சேர்க்கிறார். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். எகிப்துப் பயணத்தைப் பற்றி எழுதும்போது, இறைவாக்கு நிறைவேறும்படி இது நடந்தது என்கிறார். குழந்தைக் கொலையைப் பற்றி எழுதும்போதோ, அப்பொழுது நிறைவேறியது என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார். யூதாசின் காசைப் பற்றி எழுதும் 27ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். தமிழ் விவிலியத்திலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். குழந்தைகள் சாகவேண்டும் என்று கடவுள் திட்டமிட்டு முன்பே எழுதிவைத்தார் என்று சொல்ல மத்தேயுவின் பேனா மறுக்கிறது. நிறைவேறுதல் என்பது வெறும் முன்னறிவிப்பின் பலிப்பாக இருந்தால் இந்தத் தயக்கம் வந்திருக்காது.

இந்த மட்டக்களப்பு வாவிக் கரையில் அந்த வசனத்தை வாசிப்பவர்களுக்கு இது அறிவுலகச் சர்ச்சையாக மட்டும் இருக்க முடியாது. போர் நடந்த 1990ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் சில மைல் இடைவெளியில் அழுதார்கள். 2004 டிசெம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது; ஞாயிறு பள்ளிக்கு வந்த சிறுவர்களும் இறந்தார்கள். இவற்றில் எதையும் இறைவன் முன்குறித்த திட்டம் என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. அதற்கு மத்தேயுவே இடம் கொடுக்கவில்லை. அவர் செய்தது, ஆறுதலை மறுக்கும் தாய்க்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது என்று காட்டியதும், அவளுடைய பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று அடுத்த இரண்டு வசனங்களில் எரேமியா சொல்வதைத் தம் வாசகர்கள் நினைவுக்கு விட்டதும்தான்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகத் தொடுகிறேன். மீக்காவின் பெத்லகேம் வாக்கு அந்நாள் யூதர்களே மெசியாவுக்குரியதாகக் கொண்டது. அதில் பெரிய சிக்கல் இல்லை. எசாயா 7ஆம் அதிகாரத்தின் பிள்ளை, ஆகாசு மன்னன் காலத்து நெருக்கடியில் கொடுத்த அடையாளம். தாயைக் குறிக்கும் எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது, கிரேக்க மொழிபெயர்ப்பே கன்னி என்றது என்ற வாதம் மிகப் பழையது. அந்தப் பிள்ளை எசேக்கியா மன்னன்தான் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே திரிபோ என்ற யூதர் வாதிட்டதை யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். முதல் நிறைவு ஆகாசின் காலத்தில் இருந்தது என்று ஒத்துக்கொள்வதில் கிறிஸ்தவருக்கு இழப்பில்லை. கன்னிப்பேறு பற்றிய நம்பிக்கை அந்த ஒரு வசனத்தின்மேல் கட்டப்பட்டதும் அல்ல. லூக்கா அதை இந்த வசனத்தை மேற்கோள் காட்டாமலே சொல்கிறார். நாசரேத்தூரார் என அழைக்கப்படுவார் என்ற வாக்கோ எந்த இறைவாக்கு நூலிலும் அப்படியே இல்லை. மத்தேயுவும் இங்கே ஒருவர் பெயரையும் சொல்லாமல் இறைவாக்கினர்கள் என்று பொதுவாகவே எழுதினார்.

இனி மறுப்புகள். பழைய வசனங்களுக்கு ஏற்றபடி நற்செய்தியாளர்கள் கதையைப் புனைந்தார்கள் என்பது ஒன்று. புனைபவர் எந்த வசனத்தைத் தேர்ந்தெடுப்பார்? எல்லோரும் மெசியாவுக்குரியது என ஒத்துக்கொண்ட வசனத்தை. ஓசேயாவின் எகிப்தையும் ராகேலின் அழுகையையும் மெசியாவுக்குரிய முன்னறிவிப்பாக அன்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நாசரேத்தோ சங்கடம். அங்கிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தனியேல் கேட்டதை யோவான் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இல்லாத வாக்குக்காக வேண்டாத ஊரை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். ஊர் முதலில் இருந்தது; அதற்குப் பொருள் தேடியது பிறகு. சிலுவைக்கும் இது பொருந்தும். மரத்தில் தொங்கவிடப்பட்டவர் சபிக்கப்பட்டவர் என்று இணைச் சட்ட நூல் சொல்லும்போது, சிலுவையில் மடியும் மெசியாவை ஒரு யூதர் தாமாகக் கற்பித்திருக்க முடியாது. இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெத்லகேம் கொலையை யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் குறிப்பிடவில்லை. ஏரோது தன் சொந்தப் பிள்ளைகளையே கொன்றதை விரிவாக எழுதியவர் அவர். அந்தச் சம்பவத்தை வரலாற்று முறையில் நிறுவிவிட்டோம் என்று நான் சொல்லமாட்டேன். வசனமே சம்பவத்தைப் பிறப்பித்தது என்ற பொதுவான குற்றச்சாட்டு நிற்கவில்லை என்பதே என் வாதம்.

அப்படியானால் எல்லாம் நடந்த பிறகு செய்த வாசிப்புத்தானே என்பார்கள். ஆம், அப்படித்தான். எம்மாவு வழியில் உயிர்த்தவர் விளக்கிய பிறகே சீடர்களின் மனம் திறந்தது என்று லூக்காவும், நடந்தபோது விளங்கவில்லை என்று யோவான் 12ஆம் அதிகாரமும் வெளிப்படையாகச் சொல்கின்றன. பின்னால் விளங்கியது என்பதால் பொய் ஆகிவிடாது. இந்த முறை கிறிஸ்தவர் கண்டுபிடித்ததும் அல்ல. 1947இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகை ஒன்றில் கிடைத்த சுருள்களில் அபக்கூக்கு நூலுக்கு ஓர் உரை இருக்கிறது. பாபிலோனியரைப் பற்றி எழுதப்பட்டதை அந்த யூதச் சமூகம் தன் காலத்து அந்நிய ஆதிக்கத்துக்கு வரிவரியாகப் பொருத்துகிறது. மத்தேயு வாழ்ந்த உலகம் அது.

அந்தக் குகையிலேயே எசாயா முழுநூலும் கிடைத்தது, கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்குரிய, ஏறத்தாழ ஏழு மீற்றர் நீளமான சுருள். பெரிய வெள்ளியன்று நாம் வாசிக்கும் துன்புறும் ஊழியனின் பாடல் அதில் இருக்கிறது. கிறிஸ்தவர் இடைச்செருகினார்கள் என்ற ஐயத்துக்கு அது முடிவு கட்டியது. ஊழியர் யார் என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. இஸ்ரயேல் மக்களே என்று ராஷி போன்ற யூத உரையாசிரியர்கள் சொன்னார்கள். அதே நூலின் முந்திய அதிகாரங்கள் இஸ்ரயேலை ஊழியன் என்று அழைப்பதால் அந்த உரைக்கு வலு உண்டு. திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி கேட்பதும் இதையே: இறைவாக்கினர் தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா? பிலிப்பு அந்தக் கேள்வியைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த வசனத்திலிருந்தே தொடங்கினார். தம் மக்கள் முழுவதையும் தம்மில் சுமப்பவர் மெசியா என்றால், மக்களா ஒருவரா என்ற இரண்டு உரைகளும் ஒன்றையொன்று வெட்டவேண்டியதில்லை. எபிரேய வேதத்தை யூதர் வாசிக்கும் முறை ஏற்கத்தக்க ஒரு வாசிப்பு என்றும், இறைவாக்குகளை எதிர்காலத்தின் முன்கூட்டிய புகைப்படங்களாகக் கொள்வது தவறு என்றும் திருப்பீட விவிலிய ஆணைக்குழு 2001இல் தெளிவாக்கியது. நம் நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாட்டைச் சைவக் கிரியைகளுக்கு ஆதரவாக எடுத்துக் காட்டினார். அவருடைய முடிவோடு கிறிஸ்தவர் உடன்படமாட்டார். ஆனால் அந்த நூலுக்கு மேற்கோள் கிடங்காக இருப்பதைத் தாண்டி ஒரு சொந்த உயிர் இருக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார்.

எல்லாவற்றிலும் வலிய மறுப்பை 1263இல் பார்சிலோனா அரசவையில் ரபி நாமனிதஸ் முன்வைத்தார். மெசியா வந்தால் வாள் கலப்பைக் கொழுவாகும், ஓர் இனத்தின்மேல் மற்ற இனம் போர்தொடுக்காது என்று எசாயா சொன்னாரே. இயேசுவின் நாளிலிருந்து உலகம் வன்முறையால் நிறைந்துதானே இருக்கிறது என்று அவர் கேட்டார். மட்டக்களப்பில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆன்மீக அர்த்தத்தில் நிறைவேறிவிட்டது என்று நழுவுவதை நான் ஏற்கவில்லை. எசாயா உண்மையான வாளைப் பற்றித்தான் பேசினார். கிறிஸ்தவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் நம் விசுவாச அறிக்கையிலேயே இருக்கிறது: அவர் மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். நிறைவு தொடங்கியிருக்கிறது, முடியவில்லை. சிலுவையும் உயிர்ப்பும் அந்தத் தொடக்கத்துக்கு அத்தாட்சி என்று நம்புகிறோம். எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்லும் கிறிஸ்தவர் இறைவாக்கினரைப் பாதிதான் வாசித்திருக்கிறார். காத்திருப்பதில் நாம் யூதரோடு ஒரே பக்கத்தில் நிற்கிறோம். வாள் கொழுவாகும் வாக்கு நிலுவையில் இருக்கும்வரை, அதை நம்புகிறவர்கள் இந்த மண்ணின் சமூகங்களுக்கு இடையில் அதற்காக உழைக்கக் கடமைப்பட்டவர்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மார்ச் 19 சூசையப்பர் திருநாளுக்கு முந்திய ஞாயிறுகளில், வசனப் பட்டியலைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்காமல், ஓசேயா 11ஐயும் எரேமியா 31ஐயும் முழுமையாக வாசிக்க வையுங்கள். பிறகு மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களைத் திறக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். எத்தியோப்பிய அதிகாரி கேட்ட கேள்விக்குப் பிலிப்பு கொடுத்த இடத்தை அந்தப் பிள்ளைக்கும் கொடுங்கள்.